மடை சொன்னால் அணை தெரியும்

ஸ்ரீவைகுண்டம் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனாலும் அது எந்த மாவட்டம் என்ற கேள்விக்குப் பதில் பதினோரு வருஷத்துக்குள் இரண்டு முறை மாறியது. 1986 அக்டோபர் வரை திருநெல்வேலி. அப்புறம் சிதம்பரனார் மாவட்டம். 1997இல் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டுத் தலைநகரங்களின் பெயரையே மாவட்டங்களுக்கு வைத்தபோது தூத்துக்குடி. மேற்கே கடையத்துக்காரர்கள் 2019 நவம்பரில் இருந்த வீட்டில் இருந்தபடியே தென்காசி மாவட்டத்துக்காரர்கள் ஆனார்கள்.

இதனால் ஊருக்கு ஒன்றும் ஆவதில்லை. பட்டியல் வைத்திருப்பவருக்குத்தான் பாடு.

தாமிரபரணிப் பாசனத்தில் பயிர் வைக்கும் சிலர் சேர்ந்து பராமரித்த எக்செல் பட்டியல் ஒன்று, ‘கொஞ்சம் ஒழுங்குபண்ணிக் கொடுங்க’ என்று என் கைக்கு வந்தது. எல்லாமே ஒரே தாளில். விவசாயி பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், பசலி, பருவம், பயிர், மடை, கால்வாய், அணைக்கட்டு, வட்டம், மாவட்டம். ஒரு வரியில் மாவட்டம் ‘நெல்லை கட்டபொம்மன்’ என்ற பழைய பெயரிலேயே இருந்தது. கோடைமேலழகியான் அணைக்கட்டின் பெயரை நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். கோடகன் கால்வாய்க்கு அணைக்கட்டு ஓரிடத்தில் அரியநாயகிபுரம், இன்னோரிடத்தில் சுத்தமல்லி.

“எவன்லே எழுதுனது?” என்று கேட்டார், பட்டியலோடு கூட வந்த அண்ணாச்சி. “கோடகனுக்குத் தண்ணி அரியநாயகிபுரத்துலேந்துல்லா வருது.”

அவருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதன் கண்ணில் இரண்டு வரியும் ஒரே மதிப்புள்ள உண்மை.

ஆற்றை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையிறங்கி வரும் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஆங்கிலேயர் கட்டிய ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து பிரிவது பதினோரு கால்வாய்கள். பெயரை வைத்து ஊகிக்கலாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பழவூரில் பிரிவது பாளையங்கால்வாய். சுத்தமல்லியில் பிரிவது திருநெல்வேலிக் கால்வாய்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கால்வாயின் பெயரைச் சொன்னால் அணைக்கட்டு எது என்பதற்கு ஒரே பதில்தான். திருப்பிக் கேட்டுப் பாருங்கள். மருதூர் என்றால் எந்தக் கால்வாய்? மேலக்காலா, கீழக்காலா? ஸ்ரீவைகுண்டம் என்றால் வடகாலா, தென்காலா? பதில் ஒன்றாக இல்லை. தண்ணீர் அணையிலிருந்து மடைக்கு இறங்குகிறது. தகவலோ மடையிலிருந்து அணைக்கு ஏறுகிறது. மடை சொன்னால் கால்வாய் தெரியும், கால்வாய் சொன்னால் அணை தெரியும். தரவுத்தளக்காரர்கள் ‘சார்பு’ என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவது இதைத்தான். நார்மலைசேஷன் என்று கல்லூரியில் பயமுறுத்தும் பாடம் முழுக்க இந்த அம்புகளைத் தேடிப் பிடிக்கும் வேலை.

பாடத்தைத் தொடங்கிவைத்தவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர், உலகப் போரில் விமானம் ஓட்டியவர், பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வாளர். அவருக்கு முன்பு தகவலை மரம்போலக் கிளை கிளையாக அடுக்கி வைத்தார்கள். அப்போலோ திட்டத்துக்காக ஐ.பி.எம். உருவாக்கிய ஐ.எம்.எஸ். அப்படிப்பட்டது. எந்தக் கிளை வழியாக இறங்க வேண்டும் என்று தெரிந்தவருக்கே தகவல் கிடைக்கும். 1970 ஜூனில் வெளிவந்த கட்டுரையில் காட் சொன்னது: வழியே வேண்டாம், எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாக வையுங்கள், ஒரு அட்டவணைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவை மதிப்புகளே சொல்லட்டும். 1981இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு ஊழியரின் பதிவேடு. அதற்குள் பிள்ளைகளின் விவரம் பொதிந்து கிடந்தது. காட் பிள்ளைகளை உருவித் தனி அட்டவணையில் போட்டார். ஒவ்வொரு பிள்ளையின் வரியிலும் தகப்பனின் எண்ணைச் சேர்த்தார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இனிஷியல்! நம் ஊரில் பிள்ளைதான் அப்பா பெயரின் முதல் எழுத்தைச் சுமக்கிறது. அப்பா பெயருக்கு முன்னால் ஐந்து பிள்ளைகளின் எழுத்தை யாரும் கோப்பதில்லை. தரவுத்தளத்தில் ஃபாரின் கீ என்பது அவ்வளவுதான். பலராக இருப்பவர் ஒருவரின் அடையாளத்தைச் சுமப்பது. மடையின் வரியில் கால்வாய் எண், கால்வாயின் வரியில் அணைக்கட்டு எண்.

ஏன் பெயரைப் போடாமல் எண்? பாபநாசம் என்ற பெயர் நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கும் உண்டு, தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் உண்டு. ஸ்ரீவைகுண்டமோ ஊர், வட்டம், அணைக்கட்டு. போதாததற்கு நவதிருப்பதிக் கோயில்களிலும் ஒன்று, நவகைலாயக் கோயில்களிலும் ஒன்று. பெயர் கூப்பிடுவதற்கு நல்லது, அடையாளத்துக்கு ஆகாது.

இனி அந்தத் தாளை எடுத்துக்கொள்வோம். சில கட்டங்களில் சர்வே எண் ‘112/1, 112/3, 115’ என்று காற்புள்ளி போட்டு அடைத்திருந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்பது நார்மலைசேஷனின் முதல் நிலை. அவற்றைத் தனித்தனி வரிகளாகப் பிரித்தேன். அடுத்தது நுட்பமானது. ஒரு நிலத்தில் என்ன பயிர் என்று சொல்ல சர்வே எண் மட்டும் போதாது. எந்தப் பசலி ஆண்டு, கார் பருவமா பிசானப் பருவமா என்றும் சொல்ல வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வரியை அடையாளம் காட்டும் சாவி. ஆனால் அந்த நிலத்துக்கு எந்த மடை என்று சொல்ல சர்வே எண்ணே போதும். கார் வந்தாலும் பிசானம் வந்தாலும் மடை அதேதான். சாவியின் ஒரு துண்டை மட்டும் சார்ந்திருப்பதைத் தனி அட்டவணைக்கு அனுப்பு என்பது இரண்டாம் நிலை. மூன்றாம் நிலையை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நிலம் மடையைச் சொல்கிறது, மடை கால்வாயை, கால்வாய் அணையை. இந்தச் சங்கிலியை ஒவ்வொரு நிலத்தின் வரியிலும் முழுசாக எழுதாமல் கண்ணிக்குக் கண்ணி வெட்டி வைக்க வேண்டும். இதற்கு அப்பாலும் நிலைகள் உண்டு. அன்றாட வேலைக்குப் பெரும்பாலும் மூன்று போதும்.

இப்போது கோடகன் அரியநாயகிபுரத்தைச் சேர்ந்தது என்ற செய்தி ஒரே ஒரு வரியில் இருக்கிறது. தப்பாக இருந்தாலும் ஒரே இடத்தில்தான் தப்பு. இன்னொரு லாபமும் உண்டு. பழைய தாளில் ஒரு கால்வாயின் கடைசி விவசாயியின் வரியை அழித்தால், அந்தக் கால்வாய் எங்கே பிரிகிறது என்ற செய்தியும் கூடவே அழிந்துபோகும். ஆள் போனால் கால்வாயே போய்விடுமா என்ன?

இந்த யோசனை நமக்குப் புதிதும் அல்ல. கிராமக் கணக்கில் சிட்டா தனி, அடங்கல் தனி. சிட்டா பட்டா எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்னாருக்கு எங்கெங்கே எவ்வளவு நிலம் என்று சொல்லும். அடங்கல் சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு இந்தப் பசலியில் அங்கே என்ன விளைந்தது என்று சொல்லும். இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதியிருந்தால் ஜூலை 1இல் பசலி பிறக்கும்போதெல்லாம் சொந்தக்காரர் பெயர் அத்தனையையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். அந்தக் கணக்குகளை வகுத்தவர்கள் காட் எழுதியதைப் படித்தவர்கள் அல்லர், கை வலித்தவர்கள். சிக்கல் கூட்டுப் பட்டாவில்தான். ஒரு நிலத்துக்கு நான்கு அண்ணன் தம்பிகள், அதில் ஒருவருக்கே வேறு மூன்று இடத்தில் நிலம். இரு பக்கமும் பலர் என்றால் எந்தப் பக்கமும் இனிஷியல் போட முடியாது. நடுவில் பாலம்போல மூன்றாவது அட்டவணை வேண்டும்: ஒரு வரியில் ஒரு ஆள், ஒரு நிலம், அவருடைய பங்கு.

அட்டவணைகள் பெருகினால் தலை சுற்றும். அதற்குத்தான் படம். 1976இல் பீட்டர் சென் பொருட்களைக் கட்டமாகவும் உறவுகளை வைரவடிவமாகவும் வரைந்து காட்டினார். இன்று அதிகம் புழங்குவது காக்கைக்கால் குறி. ‘பல’ இருக்கும் பக்கத்தில் கோடு மூன்றாகப் பிரிந்து காக்கையின் பாதம்போல நிற்கும்.

அண்ணாச்சி பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்ட, பின்பக்கத்தில் அணை, கால்வாய், மடை, நிலம் என்று நான்கு கட்டம் போட்டுக் காக்கைக்கால்களை வரைந்தேன். கால்வாய்க்கும் மடைக்கும் நடுவில் விரலை வைத்து, “குளம் எங்க?” என்றார். மறந்தேபோயிருந்தேன். கட்டம் போட்டு, கால்வாயிலிருந்து குளத்துக்கு ஒரு கோடு இழுத்து, குளத்துப் பக்கம் மட்டும் காக்கைக்கால் வைத்தேன். ஒரு கால்வாய், பல குளம்.

“தம்பி, எங்க குளத்துக்கு ரெண்டு கால்வாய்த் தண்ணியும் வரும். நேரா வர்றது ஒண்ணு. மேல போற கால்வாயோட மிச்சத் தண்ணியும் இதுலதான் வந்து விழும்.”

அப்படியானால் கோட்டின் இரண்டு முனையிலும் காக்கைக்கால். நடுவில் இன்னொரு கட்டம். பத்திரிகையில் இடம் தீர்ந்திருந்தது. அண்ணாச்சி உறையையும் எடுத்துக் கொடுத்தார்.