வலக்கையும் வார்த்தையும்

ஸ்வீடன் கவிஞர் தோமாஸ் டிரான்ஸ்ட்ரோமர் 1974-இல் வெளியிட்ட 'பால்டிக் கடல்கள்' என்ற நெடுங்கவிதையில் ஓர் இசையமைப்பாளர் வருகிறார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போன பிறகும் அவர் இசையமைக்கிறார். சோவியத் இசையமைப்பாளர் ஷெபாலினின் வாழ்க்கைதான் இதற்கு மூலம் என்பார்கள். 1990-இல், தம் 59-ஆவது வயதில், கவிஞருக்கே அப்படி நேர்ந்தது. தீர்க்கதரிசனம் என்று இதைச் சிலாகிப்பவர்கள் உண்டு. எனக்கு அது தற்செயல்தான்.

வலக்கையும் வார்த்தையும் சேர்ந்தே போவதற்குக் காரணம் உண்டு. உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடப்பாதி. பெரும்பாலானோருக்கு மொழியும் அங்கேதான். இரண்டுக்கும் ரத்தம் கொண்டுபோவது ஒரே பெரிய தமனி. அது அடைபட்டால் இரண்டும் முடங்கும். 1861-இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த நோயாளிக்கு, எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓரசைதான் வாயில் வந்தது. பிறர் சொல்வது மட்டும் புரிந்தது. அவர் இறந்தபின் பார்த்தால், மூளையின் இட முன்மடலில் சிதைவு.

இந்தப் பேச்சிழப்பை மருத்துவர்கள் அஃபேசியா என்கிறார்கள். 'நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்' என்று சொல்ல நினைப்பவர் 'நாளை... ஆஸ்பத்திரி...' என்று நின்றுவிடலாம். வேற்றுமை உருபும் வினைமுற்றும் வாய்க்கு எட்டுவதில்லை. சொல்ல வந்த செய்தியோ உள்ளே முழுசாக இருக்கிறது. கேட்பவர்கள் இதை மறந்து, புத்தியே மழுங்கிவிட்டதாக நினைப்பதுதான் பெரிய கொடுமை.

டிரான்ஸ்ட்ரோமருக்குச் சில சொற்களே மிஞ்சின. அவர் தொனியையும் முகத்தையும் பார்த்து மனைவி மோனிகா பிறருக்கு எடுத்துச் சொன்னார். கவிஞரோ இடக்கையால் பியானோ வாசித்தார். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காக ராவெல் போன்ற இசையமைப்பாளர்கள் எழுதிய ஒற்றைக்கை இசை ஏற்கெனவே இருந்தது. ஸ்வீடன் இசையமைப்பாளர்களும் கவிஞருக்கென்றே புதிதாக எழுதித் தந்தார்கள். இசையில் மூளையின் வலப்பாதிக்கும் பெரும் பங்குண்டு. ஒரு வரியைச் சொல்ல முடியாத சிலர் அதையே பாடிவிடுவதற்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள். ராகம் போட்டுப் பேசப் பழக்கும் சிகிச்சை 1973-இலேயே அறிமுகமானது.

2004-இல் டிரான்ஸ்ட்ரோமருடைய கடைசிக் கவிதை நூல் வந்தது, பெரும்பாலும் ஹைக்கூக்கள். 2011-இல் நோபல் பரிசு. வழக்கமான உரைக்குப் பதில் அவர் கவிதைகளை வாசித்தார்கள், இசைத்தார்கள். 2015-இல் மறைந்தார்.

உங்கள் வீட்டில் அஃபேசியா உள்ளவர் இருந்தால், பேசும்போது டிவியை அணைத்துவிடுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். கத்தவும் வேண்டாம்; கோளாறு காதில் இல்லை.