ஒட்டாத தட்டணுவும் ஒட்டிக்கொண்ட புகழும்

வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமாக வெளுத்துக்கட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவு? 1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி இந்தப் ‘பிரெஞ்சுப் புதிரை’ முன்வைத்தபோது, சிவப்பு ஒயினைக் கைகாட்டினார் பிரெஞ்சு விஞ்ஞானி செர்ழ் ரெனோ. கடைகளில் ஒயின் விற்பனை எகிறியது. மறு ஆண்டே மிஷேல் டி லோர்ஜெரிலுடன் சேர்ந்து ‘லான்செட்’ இதழில் காரணத்தையும் எழுதினார்: மது, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கிறது.

தட்டணுவின் ஆங்கிலப் பெயரான ‘பிளேட்லெட்’, டெங்கு புண்ணியத்தில் நம் வீடுகளுக்குப் பழகியதுதான். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ஒரு வாரம் பத்து நாள் வாழ்ந்து மறையும் உட்கரு இல்லாத துணுக்குகள் இவை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ரத்தக்குழாய் கிழிந்தால் அங்கே ஒட்டிக்கொண்டு, திராம்பாக்சேன் என்ற பொருளைச் சுரந்து மற்றவற்றையும் வரவழைக்கும். அதே கூட்டம் இதயத் தமனியில், கொழுப்புப் படிவு வெடித்த இடத்தில் கூடினால் மாரடைப்பு.

மது திராம்பாக்சேன் உற்பத்தியைத் தணிக்கிறது. அதுவரை ரெனோ சொன்னது சரி. ஆனால் போதை இறங்கிய பிறகு?

அதையும் அவர் குழுவே எலிகளில் சோதித்தது. ஆல்கஹாலை நிறுத்திய சில மணி நேரத்தில் தட்டணுக்கள் முன்னைவிட மும்முரமாக ஒட்டின. சிவப்பு ஒயின் குடித்த எலிகளில் மட்டும் அந்த எதிர்வீச்சு இல்லை. அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் பாதுகாத்திருக்கலாம் என்றார்கள். வெறும் ஆல்கஹாலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மொடாக்குடியில் கதையே வேறு. மது மஜ்ஜையை நேரடியாக நசுக்கி, தட்டணு உற்பத்தியைக் குறைக்கிறது. கல்லீரல் சுருங்கிப்போனால் மண்ணீரல் வீங்கி, இருக்கிற தட்டணுக்களையும் சிறைபிடிக்கிறது. பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் கசியும். ஈரல் கெடாதவர்களுக்குக் குடியை விட்ட ஓரிரு வாரத்தில் எண்ணிக்கை பெரும்பாலும் மீளும். சிலருக்கு இயல்பையும் தாண்டும்.

பிரெஞ்சுப் புதிரும் பின்னாளில் வெளுத்தது. ஆய்வுகளின் ‘குடிக்காதவர்கள்’ பட்டியலில், நோய் வந்து குடியை விட்டவர்களும் கலந்திருந்ததைப் பலர் சுட்டிக்காட்டினர். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர்கள் குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். இந்த மருந்துகளோடு மதுவும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும்.