மூன்று மாதக் கணக்கில் ஏறிய பழைய பாக்கி

2019 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் வோடஃபோன் ஐடியா காட்டிய நிகர நஷ்டம் 50,921 கோடி ரூபாய். அதுவரை எந்த இந்திய நிறுவனமும் ஒரே காலாண்டில் இவ்வளவு இழந்ததில்லை. அதற்கு முன் மிகப் பெரிய நஷ்டம், 2018 கடைசிக் காலாண்டில் டாடா மோட்டார்ஸ் காட்டிய 26,961 கோடி. வோடஃபோன் ஐடியா கணக்கை வெளியிட்ட அதே நவம்பர் 14 அன்று பார்தி ஏர்டெல்லும் 23,045 கோடி நஷ்டம் என்றது. இத்தனைக்கும் அந்த மூன்று மாதங்களில் வோடஃபோன் ஐடியாவின் வருவாயே 11,000 கோடியைத் தொடவில்லை. வருவாயைப்போல நான்கு மடங்குக்கு மேல் நஷ்டம் வந்ததற்குக் காரணம் அந்தக் காலாண்டின் வியாபாரத்தில் இல்லை.

1999ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புக் கொள்கை, நிறுவனங்கள் உரிமத்துக்கு நிலையான தொகை கட்டும் முறையை மாற்றி, வருவாயில் அரசுக்குப் பங்கு தரும் முறையைக் கொண்டுவந்தது. பங்கைக் கணக்கிடும் அடிப்படைக்குச் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாய், சுருக்கமாக ஏஜிஆர், என்று பெயர். எது வருவாய் என்பதில்தான் தகராறு. அழைப்பும் டேட்டாவும் விற்று வந்த பணம் மட்டுமே என்றன நிறுவனங்கள். வைப்புத்தொகை வட்டி, வாடகை, பங்கு ஈவுத்தொகை, பழைய பொருள் விற்ற காசு எல்லாமே சேரும் என்றது தொலைத்தொடர்புத் துறை. பத்தாண்டுகளுக்கு மேல் நீண்ட வழக்கில் 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது.

அப்போது எல்லா நிறுவனங்களும் சேர்ந்து கட்ட வேண்டியதாகச் சொல்லப்பட்ட உரிமக் கட்டணப் பாக்கி ஏறத்தாழ 92,640 கோடி. அதில் அசல் 23,189 கோடிதான். வட்டி 41,650 கோடி, அபராதம் 10,923 கோடி, அபராதத்தின் மேல் வட்டி 16,878 கோடி. அசலைப்போல மூன்று மடங்கு, வட்டியாகவும் அபராதமாகவும் சேர்ந்தது. அலைக்கற்றைப் பயன்பாட்டுக் கட்டணப் பாக்கி இதற்கு மேல். 2016இல் சந்தைக்கு வந்த ஜியோவுக்குப் பழைய பாக்கி மிகச் சொற்பம். அதே காலாண்டில் அது 990 கோடி லாபம் காட்டியது.

காலாண்டு முடிந்தது செப்டம்பர் 30. தீர்ப்பு வந்ததோ அக்டோபர் 24. பிறகு எப்படி அது செப்டம்பர் கணக்கில் ஏறியது? கடன் ஏற்கெனவே இருந்து, அதன் அளவைப் பின்னால் வந்த நிகழ்வு உறுதிசெய்தால், கணக்கு ஒப்புதல் பெறுவதற்கு முன் அதைச் சேர்த்துவிட வேண்டும் என்பது கணக்கியல் விதி. ஏர்டெல் அக்டோபர் இறுதியில் வெளியிட இருந்த முடிவுகளைத் தள்ளிவைத்தது. காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. நவம்பர் 14 அந்தக் கெடுவின் கடைசி நாள்.

இத்தகைய தொகைகள் அறிக்கையில் 'விதிவிலக்கான இனங்கள்' என்று தனி வரியில் நிற்கும். அந்த வரியைப் பார்க்காமல் கடைசி வரிக்குத் தாவுகிறவர் நிச்சயம் ஏமாறுவார். லாபத்திலும் இதே கதைதான். 2024 அக்டோபர்–டிசம்பரில் ஏர்டெல்லின் நிகர லாபம் 14,781 கோடி என்று தலைப்புகள் வந்தன. கோபுர நிறுவனமான இண்டஸ் டவர்ஸ் அதன் துணை நிறுவனமானதால் கிடைத்த ஒருமுறை ஆதாயம் போன்றவற்றை நீக்கினால் மிஞ்சியது 5,514 கோடி.

வியாபாரத்தின் நாடித்துடிப்பைக் காட்டுவது, ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதத்துக்குக் கிடைக்கும் சராசரி வருவாய். துறையினர் இதை ஆர்ப்பு என்பார்கள். ஏர்டெல்லுக்கு இது 2019 செப்டம்பர் காலாண்டில் 128 ரூபாய்; ஐந்து ஆண்டு கழித்து 233 ரூபாய். இடையில் 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என மூன்று பெரிய கட்டண உயர்வுகள். குறைவாகச் செலவிடும் சந்தாதாரர்கள் விலகினாலும் இந்தச் சராசரி ஏறும் என்பதால், சந்தாதாரர் எண்ணிக்கையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்தது எபிட்டா: வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம். நிறுவனங்கள் முதலில் எடுத்துக்காட்டும் எண் இதுதான். ஆனால் தொலைத்தொடர்பில் இது பாதிக் கதை. கோபுரங்கள், கருவிகள், ஏலத்தில் எடுத்த அலைக்கற்றை எல்லாவற்றின் விலையும் தேய்மானமாகவும் வட்டியாகவும் இதற்குக் கீழேதான் வருகிறது. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குத்தகைக் கணக்கு விதியால் கோபுர வாடகையின் பெரும்பகுதியும் கீழே இறங்கியது. ஒரு ரூபாய்கூட மிச்சமாகாமலே எபிட்டா உயர்ந்தது.

2023–24 நிதியாண்டில் வோடஃபோன் ஐடியாவின் எபிட்டா 17,126 கோடி. வட்டி உள்ளிட்ட நிதிச் செலவு 25,700 கோடிக்கு மேல், தேய்மானம் சுமார் 22,600 கோடி. ஆண்டு நஷ்டம் 31,238 கோடி. ஏஜிஆர் பாக்கியைப் பத்து ஆண்டுகளில் கட்ட 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2021இல் அரசு நான்கு ஆண்டு அவகாசம் தந்து, ஏஜிஆர் வரையறையிலிருந்து தொலைத்தொடர்பு சாராத வருவாயையும் இனிமேலுக்கு நீக்கியது. அவகாசத்திலும் வட்டி ஓடியது. அதில் 16,133 கோடியை 2023இல் பங்காக மாற்றிக்கொண்ட அரசு, 2025இல் மேலும் 36,950 கோடி பாக்கியைப் பங்காக்கி, நிறுவனத்தில் ஏறத்தாழ 49 சதவீதம் வைத்திருக்கும் மிகப் பெரிய பங்குதாரர் ஆனது.