கார் ஆம்ப்ளிஃபயருக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?

பட்டாசுத் திரிக்கும் ஆங்கிலத்தில் ஃபியூஸ் என்றுதான் பெயர். ஆனால் மூலம் வேறு: திரியின் பெயர் நூற்புக் கதிரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, மின்சார ஃபியூஸின் பெயர் ‘உருக்கு’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து. வேலையும் நேரெதிர். திரி நெருப்பைக் கொண்டு போய்ச் சேர்க்கும். ஃபியூஸ், நெருப்பு வரும் முன்பே தான் உருகி வழியை அடைக்கும். திரி விஷயத்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் சிவகாசியில், குட்டி யானைக்கு ஆம்ப்ளிஃபயர் மாட்டும்போது மட்டும், "அடிக்கடி ஃபியூஸ் போகுதுண்ணே, பெருசா ஒண்ணு போடுங்க" என்கிறார்கள்.

பெரிசு போடக் கூடாது. ஏனென்றால் பேட்டரி பக்கத்து ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்ப்ளிஃபயரை அல்ல, வயரை.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து வரும் வயர் தகட்டு ஓட்டைக்குள் நுழைந்து, மேட்டுக்கு அடியில் ஓடுகிறது. எங்காவது உரசி இன்சுலேஷன் கிழிந்து பாடியைத் தொட்டால், பாடி முழுக்க நெகட்டிவ் என்பதால், ஷார்ட். 12 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றுகிற பேட்டரி, நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். வயர் பழுத்துவிடும். ஆம்ப்ளிஃபயரிலேயே இருக்கும் ஃபியூஸ் அந்த இடத்தைத் தாண்டி இருப்பதால் அதற்கு எதுவும் தெரியாது. அதனால்தான் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் தனியாக ஒரு ஃபியூஸ் வேண்டும்.

இப்போது கணக்கு. சேனலுக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். வீதம் 4 சேனல் என்றால் 200 வாட். கிளாஸ் ஏபி வகையின் திறன் சுமார் 60% என்று வைத்தால், இழுப்பது 333 வாட். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட், வகுத்தால் 24 ஆம்பியர். ஆகவே 30 ஆம்பியர் ஃபியூஸ். கிளாஸ் டி வகை, திறன் சுமார் 80% என்றால், 18 ஆம்பியர். 20 அல்லது 25 போதும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் '1000 வாட்' பீக் கணக்கு, அதை நம்பி வகுக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயரில் 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால், கூட்டி 30 என்று எடுப்பது இன்னும் சுலபம்.

அடுத்து வயர். அது தாங்கும் அளவு ஃபியூஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 30 ஆம்பியருக்கு 8 கேஜ் செம்பு, அதாவது சுமார் 8.4 சதுர மி.மீ., தாராளம். விலை மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் ஒரு அளவு பெரிய வயர் வாங்குங்கள்.

இன்னொன்று: ஃபியூஸ் சட்டென்று போகாது. 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸில் 33 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும். 60 ஆம்பியரைக்கூட 5 வினாடி வரை விடலாம். அந்தத் தாராளம் ஏற்கெனவே இருக்கிறது, நாம் சேர்க்கத் தேவையில்லை.

பிளேடு ஃபியூஸில் மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30, ஆரஞ்சு 40. பச்சை போனால் பச்சையே போடுங்கள். மறுபடியும் போனால் சில்வர் பேப்பர் சுற்றாமல், வயர் தகட்டுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.