புதிய மகிழுந்தா, பழையதா? முதலில் மொத்தத்தைக் கேளுங்கள்

"மாசம் 600 வெள்ளிதான், டீச்சர்!"

மகிழுந்துக் கடையில் முதலில் காதில் விழுவது இதுதான். உடனே தலையாட்டிவிடாதீர்கள். "எத்தனை வருஷத்துக்கு?" என்று கேளுங்கள்.

மாதம் 600 ரிங்கிட்டை 5 ஆண்டு கட்டினால் 36,000 ரிங்கிட். 7 ஆண்டுக்கு 50,400. மலேசியாவில் மகிழுந்துக் கடனின் உச்ச வரம்பான 9 ஆண்டுக்கு 64,800! தவணை ஒன்றுதான், சுமை மூன்று விதம். மாணவர்களே, முதல் வேலையில் சேர்ந்ததும் நீங்கள் போடும் கையெழுத்து 9 ஆண்டு உங்களோடு வரலாம்.

புதியதில் உத்தரவாதம் உண்டு. பழுதுச் செலவு குறைவு. ஆனால், பதிவு செய்த நாளிலிருந்தே விலை இறங்கும். அந்த இறக்கத்தை வேறொருவர் தாங்கிய பிறகு வாங்குவதே பழைய மகிழுந்தின் லாபம். லாபம் பழுதில் கரையாமலிருக்க, தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிச் செல்லுங்கள். பராமரிப்புப் பதிவேட்டில் உள்ள கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையே போதும் என்று விட்டுவிடாதீர்கள். எஞ்சின் எத்தனை நாள் உழைக்கும் என்று அது சொல்லாது.

பேரம் பேசும்போது மாதத் தவணையைப் பேசாதீர்கள். காப்புறுதி, சாலை வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை எழுத்தில் வாங்குங்கள். அதே வண்டிக்கு இன்னொரு கடையிலும் விலை கேளுங்கள்.

"இன்னைக்கே புக் பண்ணினாத்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்தினால், "நாளைக்கு வரேன்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். அப்படி எழுந்து வர முடிந்தவருக்குத்தான் விலை இறங்கும்.