மெஷின் நின்றது, கை இறக்கியது

கரண்ட் போனால் நம் கடையில் பில் மெஷின் நின்றுவிடும். கல்லாவில் இருக்கும் பெரியவர் மனக்கணக்கில் கூட்டிச் சொல்லி வியாபாரத்தை நடத்திவிடுவார். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கலத்தில் கரண்ட் போனால்? 1963-இல் அப்படித்தான் நடந்தது.

அந்த ஆண்டு மே 15 அன்று அமெரிக்க வீரர் கார்டன் கூப்பர், கேப் கனாவரலில் இருந்து 'ஃபெய்த் 7' கலத்தில் தனியாகப் புறப்பட்டார். மெர்க்குரி திட்டத்தின் கடைசிப் பயணம் அது. கலத்தைத் திருப்புவது முதல் இறக்குவது வரை தானியங்கிக் கருவியே செய்துவிடும். 1961-இல் இரண்டு சிம்பன்சிகளை இதே வகைக் கலத்தில் அனுப்பி உயிரோடு இறக்கியிருந்தார்கள். குரங்கு போய்வந்த வண்டியில் விமானிக்கு என்ன வேலை என்று கேலி பேசியவர்களும் உண்டு.

ஆனாலும் பயிற்சியில் குறை வைக்கவில்லை. கிளீவ்லாந்து நகரில் ஒரு சுழல் கருவி. 1960-இல் மெர்க்குரி வீரர்கள் ஏழு பேரையும் ஒவ்வொருவராக அதில் கட்டி உட்கார வைத்து, மூன்று விதமாகவும் ஒரே சமயத்தில், நிமிடத்துக்கு 30 சுற்று வரை சுழலவிட்டார்கள். கைப்பிடியை அசைத்து வாயுவைப் பீய்ச்சி, சுழற்சியை வீரரே நிறுத்த வேண்டும். தலை சுற்றினாலும் நிறுத்தியாக வேண்டும்! தரையில் இருந்த மாதிரிக் கலத்தில், வேண்டுமென்றே கோளாறு உண்டாக்கிச் சமாளிக்கவும் பழக்கினார்கள்.

கூப்பரின் 21-வது சுற்றில் ஷார்ட் சர்க்யூட் ஆகி, தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு மின்சாரம் அறுந்தது. உள்ளே கரியமில வாயுவும் கூடிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டுமானால் கலத்தை 34 டிகிரி சாய்த்துப் பிடித்து, வேகத்தைக் குறைக்கும் மூன்று ராக்கெட்டுகளைக் குறித்த நொடியில் எரிக்க வேண்டும். நொடி பிசகினால் என்ன ஆகும்? முந்தைய ஆண்டு ஸ்காட் கார்ப்பென்டரின் கலம் சற்றே திசை விலகியிருந்தது. ராக்கெட்டும் மூன்று நொடி தாமதமாக எரிந்தது. கலம் விழுந்தது சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி.

ஜப்பான் பக்கம் கடலில் ஒரு கப்பலில் இருந்த சக வீரர் ஜான் கிளென், ரேடியோவில் நொடிகளை எண்ணிச் சொன்னார். கூப்பர் ஜன்னல் கோட்டை அடிவானத்தோடு பொருத்திக் கலத்தைக் கையாலேயே பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தையும் பார்த்து ராக்கெட்டுகளை எரித்தார்.

புறப்பட்டு 34 மணி நேரம் கழித்து, பசிபிக் கடலில் மிட்வே தீவருகே காத்திருந்த கியர்சார்ஜ் போர்க்கப்பலுக்குச் சுமார் 7 கிலோமீட்டரில் கலம் இறங்கியது. 1965 ஆகஸ்டில் அவரையே ஜெமினி 5 கலத்தில் மறுபடி அனுப்பினார்கள். அந்தப் பயணம் கிட்டத்தட்ட எட்டு நாள்.