பிள்ளையின் கால் வளைவு: காத்திருப்பதா, மருத்துவரிடம் போவதா?

நடை பழகும் குழந்தையின் கால் வளைந்திருந்தால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இடுப்பில் தூக்கி வைத்ததால் என்பார் ஒருவர். டயப்பர் மாட்டியதால் என்பார் இன்னொருவர். எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடவில்லை என்று பெற்றவளைக் குறை சொல்பவர்களும் உண்டு. இவை எதுவும் காலை வளைப்பதில்லை. கடைசியில் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பேச்சு முடியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உண்மைதான். ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த ஆறுதலே சிகிச்சைக்குரிய காலத்தைப் பறித்துவிடுகிறது. எலும்பு வளரும் வயதில் மருந்தாலோ சிறு அறுவை சிகிச்சையாலோ தீரக்கூடிய கோணல், வளர்ச்சி நின்றபின் எலும்பை வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிடும். எது தானாக நேராகும், எது ஆகாது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது அதனால்தான்.

இயல்பான வளைவு எது?

பிறக்கும்போது குழந்தைகளின் கால்கள் வில்போல் சற்று வெளிப்புறம் வளைந்தே இருக்கும். 18 முதல் 24 மாதத்துக்குள் அவை நேராகும். பிறகு எதிர்ப்பக்கம் சாயும்: 3, 4 வயதில் முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்க, கணுக்கால்கள் விலகி நிற்கும். 7, 8 வயதுக்குள் இதுவும் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த வரிசையில் வளர்கிற, இரு காலும் ஒரே அளவில் வளைந்த, வலியில்லாமல் ஓடியாடுகிற குழந்தைக்கு மருந்தோ பெல்ட்டோ விசேஷ ஷூவோ தேவையில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

- ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால், அல்லது ஒன்றைவிட மற்றொன்று அதிகம் வளைந்திருந்தால்.
- 2 வயதுக்குப் பிறகும் வில் கால் நேராகாமல், மாதத்துக்கு மாதம் கூடினால்.
- 7 வயதுக்குப் பிறகும் முட்டி இடித்தால். முட்டிகளைச் சேர்த்து நிற்கும்போது கணுக்கால்களுக்கு நடுவே 8 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால்.
- வலி, நொண்டல், அடிக்கடி தடுக்கி விழுதல் இருந்தால்.
- வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டால், மணிக்கட்டு தடித்திருந்தால், நடக்கத் தொடங்குவது தாமதமானால்.
- குடும்பத்தில் குள்ளமான, கால் வளைந்த பெரியவர்கள் இருந்தால்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தைநல மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பார்க்க வேண்டும்.

வெயில் இருந்தும் ரிக்கெட்ஸ்

நோயால் வரும் கால் வளைவுக்கு நம் நாட்டில் முக்கியக் காரணம் ரிக்கெட்ஸ். வைட்டமின் டி, கால்சியம் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ குறையும்போது, வளரும் எலும்பின் முனை கெட்டிப்படாமல் மென்மையாகவே இருக்கும். குழந்தை எழுந்து நின்றதும் உடல் எடை அதை வளைத்துவிடும். விலா எலும்புகளின் முனைகள் மணிமணியாகத் துருத்துவதும், உச்சிக்குழி மூடத் தாமதமாவதும், சில கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வருவதும்கூட இதன் அடையாளங்கள்.

இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும்? தோலில் வெயில் நேரடியாகப் பட்டால்தான் அது உருவாகும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் பயனில்லை. கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். தாய்ப்பால் ஈடில்லாத உணவு என்றாலும் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. அதனால்தான் முதல் ஆண்டு முழுவதும் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டுமருந்து கொடுக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். கால்சியத்துக்குப் பால், தயிர், கேழ்வரகு, எள், முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்திலி போன்றவை உதவும்.

ரிக்கெட்ஸ் என்று உறுதியானால், 1 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குக் குறைந்தது 12 வாரம் வைட்டமின் டி, அதோடு தினமும் 500 மில்லிகிராம் கால்சியம் என்பதே உலக அளவில் ஏற்கப்பட்ட முறை. ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, 60,000 யூனிட் பாக்கெட்டுகளை அளவு தெரியாமல் திரும்பத் திரும்பக் கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் நீரிழப்பும் வந்து, சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

மருந்து கொடுத்தும் எலும்பு தேறவில்லையென்றால் அளவைக் கூட்டுவது விடையல்ல. ரத்தத்தில் பாஸ்பேட் குறையும் பரம்பரை ரிக்கெட்ஸோ சிறுநீரகக் கோளாறோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியேட்டினின் பரிசோதனைகளும் மணிக்கட்டு, முட்டி எக்ஸ்ரேயும் வழிகாட்டும்.

குடிநீரில் இருக்கும் காரணம்

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்த கிராமங்கள் பல. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மி.கிராம் வரை ஏற்கலாம். வேறு நீரே இல்லாவிட்டால் உச்ச வரம்பு 1.5 மி.கிராம். இதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் வரும். அடுத்தது எலும்பு. தெலங்கானாவின் நல்கொண்டா பகுதியில் ஃபுளோரைடு பாதித்த இளம் வயதினரிடம் முட்டி இடிக்கும் கால்கள் மிகுந்திருப்பதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1970-களிலேயே பதிவு செய்தார்கள். உணவில் கால்சியம் குறைந்த ஏழைப் பிள்ளைகளை இந்த நீர் இன்னும் கடுமையாகத் தாக்கும்.

நீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஃபுளோரைடு இல்லாத வேறு நீருக்கு மாறுவதே தீர்வு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான். குழாயில் காவிரி நீர் வராத நாளில் பழைய போர் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் எடுப்பது அந்தப் பயனைக் கெடுத்துவிடும். சேமித்த மழைநீர் அதைவிடப் பாதுகாப்பானது. உங்கள் ஊர் நீரைப் பரிசோதிக்க தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. கிராம சபையில் அந்த முடிவைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பிற காரணங்கள்

எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு அடிபட்டாலோ, மூட்டில் சீழ் பிடித்தாலோ, ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் நின்று கால் கோணிவிடும். முட்டி அருகே முறிந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் நாட்டுக் கட்டு மட்டும் போட்டுக்கொள்வது பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. கட்டு பிரித்த பிறகும் ஓரிரு ஆண்டுகள் மருத்துவர் பார்வையில் இருக்க வேண்டும். சீக்கிரமே நடக்கத் தொடங்கிய, எடை மிகுந்த குழந்தைகளுக்கு முழங்காலுக்குக் கீழே உட்பக்க எலும்பு வளராமல் போகும் ப்ளவுன்ட் நோய் வரலாம்.

பாதம் உள்நோக்கித் திரும்பிப் பிறக்கும் வளைபாதத்துக்கு முதல் வாரங்களிலேயே பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு போட்டுத் திருத்தலாம். அதன்பின் 4, 5 வயது வரை இரவில் பிரேஸ் ஷூ அணிவதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பாதம் மறுபடி திரும்பும்.

சிகிச்சையும் காலக்கெடுவும்

காரணத்தைச் சரிசெய்தாலே சிறு குழந்தைகளின் கால் பெருமளவு நிமிர்ந்துவிடும். மீதமிருந்தால், வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சிறு பிளேட் பொருத்தி, எலும்பின் சொந்த வளர்ச்சியைக் கொண்டே காலை நேராக்கலாம். வளர்ச்சி எஞ்சியிருக்கும்வரைதான் இது முடியும். பெண்களுக்குச் சுமார் 14 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 16 வயதிலும் அந்த வாய்ப்பு முடிகிறது. பெண் பிள்ளையின் கால் கோணலை, கல்யாணப் பேச்சு கெடும் என்று மறைத்து வைக்கும் குடும்பங்கள் இழப்பது இந்த ஆண்டுகளைத்தான்.

உங்களுக்கு உரியவை

ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் அரசின் குழந்தைகள் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். வளைபாதமும் ரிக்கெட்ஸும் அதன் பட்டியலில் உள்ளவை. அங்கிருந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பிச் சிகிச்சை தருவது இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. அறுவை சிகிச்சைக்குக் கடன் வாங்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரைக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள்.

கோணல் நிலைத்துவிட்ட பிள்ளைக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 துணை நிற்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று அரசு மருத்துவக் குழு சான்றளித்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் கட்டணமில்லாக் கல்வி பெறுவது அந்தப் பிள்ளையின் உரிமை. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது இச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். "நொண்டி", "கோணக்கால்" என்று பள்ளியில் கேலி நடந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

அங்கன்வாடியில் எடை பார்க்கும் அடுத்த நாளில், குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி, கால்கள் தெரிய ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொன்று. வளைவு கூடியிருந்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். "கால் எப்போது நேராகும்?" என்ற கேள்விக்கு முன்னால் "இது எதனால் வந்தது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை பரிசோதனையை நிறுத்தாதீர்கள்.